பட்டன் இல்லாத சட்டை

காலையில் எழுந்து போர்வையை மடித்து வைத்தான். பல் துலக்கினான். பால் பொங்கும்வரை அடுப்பருகே நின்றான். டீயைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். கொடியில் தொங்கிய சட்டைகளில் கைக்கு முதலில் கிடைத்ததை எடுத்துத் தேய்த்தான். காலர், தோள், கை, கடைசியில் முதுகு. மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, படியிறங்கி, கீழே தையல் கூடத்தின் ஷட்டரைத் தூக்கினான். விளக்குகளைப் போட்டான். ஓரத்து மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். தனக்குத் தானே ஒரு மெயில் அனுப்பினான்.

அதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. பல மெயில் கம்பெனிகளில் அவன் சும்மா திறந்து வைத்த கணக்குகள் சில இருந்தன. கடையின் முகவரியிலிருந்து அவை ஒவ்வொன்றுக்கும், “வணக்கம், விலைப்பட்டியலை இணைத்துள்ளோம்” என்று ஒன்று போகும். பிறகு கணக்குகளை வரிசையாகத் திறந்து, மெயில் இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கிறதா, ஸ்பேமில் விழுந்து கிடக்கிறதா என்று பார்ப்பான். இன்பாக்ஸில் இருந்தால் அடுத்த வேலை. ஸ்பேமில் இருந்தால் அன்றைய பொழுது அதோடு போயிற்று.

அன்றைக்கு எல்லாமே இன்பாக்ஸில் இருந்தன. கடையின் உண்மையான இன்பாக்ஸைத் திறந்தான். நூல் வியாபாரியின் விளம்பரம் ஒன்று வந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

“வந்துச்சா?” என்று வெட்டு மேசையிலிருந்து மாஸ்டர் கேட்டார்.

“இல்ல.”

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். வெட்டுவதற்குத் துணி எதுவும் இல்லை.

அது சீருடை தைக்கும் கடை. சமையல்காரருக்குக் கோட்டு, காவலாளிக்குச் சட்டை, வரவேற்பில் நிற்கிற பெண்ணுக்கு மேல்கோட்டு. கடையைத் தொடங்கியவள் அவன் மனைவி. அளவெடுப்பதும் வெட்டுவதும் வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பதும் அவள் பாடு. கணக்கும் கம்ப்யூட்டரும் அவன் பாடு. கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்புக்கும் தையலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வீட்டில் சொன்னபோது, சட்டையே போடாமலா படிக்கப் போனோம் என்று கேட்டவள் அவள்.

அவள் போன பிறகு கடை ஓடியது, சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் சக்கரம் ஓடுவதைப் போல. பிறகு ஆண்டுக்கொரு முறை பெரிய ஆர்டர் கொடுத்துவந்த ஓட்டலை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். சக்கரம் தள்ளாடத் தொடங்கியது. மாஸ்டரையும் மெஷினில் உட்காரும் மூன்று பெண்களையும் வைத்துக் காப்பாற்ற இன்னொரு பெரிய ஆர்டர் வேண்டும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். இதை அவன் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டிருந்தான். சொல்லும்போது அவன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாததால், அவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயந்தார்கள்.

ஓட்டல் போனதற்கு யாரும் காரணமில்லை. மெயில் கெட்டதற்கு அவன் காரணம். பழைய மெயில் சேவை அவள் பெயரில் இருந்தது. அதைப் புதுப்பிக்க அவள் கைப்பேசிக்கு ஒரு எண் வரும். அந்த எண்ணைத் தட்ட வேண்டும். அவள் கைப்பேசி மேலே அலமாரியில் அணைந்து கிடந்தது. சார்ஜ் போட்டு ஒரு நிமிடம் திறந்தால் போதும். அவன் திறக்கவில்லை. வேறொரு சேவைக்குக் கடையின் முகவரியை மாற்றிக்கொண்டான். அதிலிருந்துதான் வினை பிடித்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதிரில் வந்தபோது, “என்ன தம்பி, உங்க மெயில் எல்லாம் குப்பையில கிடக்குது?” என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார்.

அதன் பிறகு அவன் அந்த வேலையில் இறங்கினான். தலையைக் கொடுத்துச் செய்ய ஒரு வேலை கிடைத்ததில் அவனுக்கு வருத்தமில்லை. இந்தக் கடையின் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டு என்று ஊரறிய ஒரு பதிவு எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமலிருந்தது, எழுதினான். ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று விழ வேண்டும், அதைப் போட்டான். முத்திரை இல்லாமல் நம் பெயரில் யாராவது அனுப்பினால் தள்ளிவிடுங்கள் என்று மூன்றாவதாக ஓர் உத்தரவு, அதையும் வைத்தான். தலைப்பில் “உடனடி” என்ற சொல்லையும் “சிறப்புத் தள்ளுபடி” என்ற சொல்லையும் எடுத்தான். மெயிலின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கடைப் படத்தை எடுத்தான். மூடிப்போன கம்பெனிகளின் முகவரிகளுக்கு அனுப்புவதை நிறுத்தினான். ஆளில்லாத கதவை ஓயாமல் தட்டுகிறவனைத்தான் மெயில் கம்பெனிகள் முதலில் சந்தேகிக்கின்றன. புது ஆள் ஒரே நாளில் எல்லார் வீட்டுக்கும் போனாலும் சந்தேகிப்பார்கள். அதனால் முதலில் நன்கு தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினான். அவர்கள் பதில் போடப் போட, மெல்ல மற்றவர்களுக்கும் அனுப்பினான். சோதித்துச் சொல்லும் ஓர் இணையதளம் எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி காட்டியது.

குறியைப் பார்த்து அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஆனால் அதைத் தினமும் பார்த்தான்.

அவன் மச்சினிக்கு இது பொறுக்கவில்லை. அக்கா போனதும் ஒரு வாரம் உதவிக்கென்று வந்தவள், போகவே இல்லை. அக்கா வைத்த பெயர் வாலு. கடையிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி தன் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் புதுச் சீருடை தைக்க ஆள் தேடுகிறது என்பதைக் கண்டுபிடித்து வந்தவள் வாலுதான். விளம்பரத்தை அவன் மேசையில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நூல்கண்டு அடுக்கப் போய்விட்டாள்.

ஏனென்றால் அது அந்த ஆஸ்பத்திரி.

சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். சின்ன ஆபரேஷன்தான். மயக்கம் கொடுத்தபோது அவள் இதயம் நின்றது. லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஆகும், யார் மேலும் பிழை சொல்ல முடியாது என்று பெரிய டாக்டரே அவனை உட்கார வைத்து விளக்கினார். அவன் நம்பினான். இப்போதும் நம்புகிறான். ஆனால் அந்தக் கட்டடம் இருக்கும் சாலையில் அவன் அதற்குப் பிறகு போகவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றிக்கொண்டு நடப்பான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் இணைப்புக் கிடைக்கும்வரை ஒரு வாத்திய இசை ஓடும். அன்று உறவுக்காரர் ஒருவர் அவன் கைப்பேசியிலிருந்து ஆஸ்பத்திரி அலுவலகத்தை விடாமல் கூப்பிட்டபோது அந்த இசையைப் பல முறை கேட்டிருக்கிறான். ஆகவே போனும் கிடையாது.

“ஆர்டருக்கு எழுதிப் போடலாம். ஆனா மெயில்ல மட்டும்,” என்று வாலுவிடம் சொன்னான்.

“சரி மாமா.”

“நேர்ல யாரும் போக வேண்டாம்.”

“அதான் சரின்னேனே.”

மாதிரிச் சட்டை ஒன்று தைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். விலையையும் விவரத்தையும் கொள்முதல் பிரிவுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். சட்டை தைப்பதில்தான் மாஸ்டருக்கும் அவனுக்கும் மனத்தாங்கல் வந்தது. கடையில் தையலைப் பற்றி இதுவரை வாயே திறக்காதவன், இந்தச் சட்டைக்கு முன்பக்கம் பட்டன் வேண்டாம் என்றான். துணிப் பட்டை ஒன்று மேலே மூடியிருக்க வேண்டும். உள்ளே அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் துருப்பிடிக்காத உலோகப் பொத்தான்கள் இருக்க வேண்டும். அது வேலையும் கூடுதல், விலையும் கூடுதல் என்று மாஸ்டர் எடுத்துச் சொன்னார். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பட்டன் வைத்துக் குறைந்த விலைக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். வேண்டாம் என்பதை மறுபடி சொன்னான்.

“பட்டன் இல்லாத சட்டையா? மூக்கில்லாத மூஞ்சி மாதிரி இருக்கும், தம்பி. எதுக்குன்னாவது சொல்லு.”

அவன் சொல்லவில்லை. மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார். ஆனாலும் நன்றாகத் தைத்தார்.

சட்டை போயிற்று. மெயிலும் போயிற்று. பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பணிவாக இன்னொரு மெயில் அனுப்பினான். அதற்கும் இல்லை. பச்சைக் குறிகளைச் சரிபார்த்தான். பெரிய நிறுவனங்கள் வாசலில் தனியாக ஒரு வடிகட்டி வைத்திருக்கும், அது மற்றவர்களுடையதைவிடக் கண்டிப்பானது என்று எங்கோ படித்தான். இணைப்பைத் தனியே பிரித்து, வெறும் எழுத்தாக ஒரு மெயில் அனுப்பினான். கையெழுத்துக்குக் கீழே இருந்த இணைய முகவரியைக் கூட எடுத்துவிட்டு ஒன்று அனுப்பினான். கிணற்றில் கல் போட்டால்கூடச் சத்தமாவது வரும்.

“பச்சை, பச்சைன்னு பாத்துட்டே இருங்க,” என்றாள் வாலு. “மெஷின் மேல பாசி புடிச்சு அதுவும் பச்சையாயிடும்.”

“அவங்க ஃபில்டர் தடுக்குது.”

“ஃபில்டர் காபித் தூளைத்தான் தடுக்கும். ஒரு போன் போட்டா என்ன?”

அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான். அன்று மாலை மாஸ்டர் அவனிடம் வந்து, ஊருக்கு வெளியே உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றார். போகிறேன் என்று சொல்லவில்லை. கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வாலு பல் வலி என்று கிளம்பிப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள். கைப்பையை அவன் மேசைமேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“பல் சரியாயிடுச்சா?” என்று அவன் கேட்டான்.

“பல்லுக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.” அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள். “கொள்முதல் மேடத்தைப் பாத்தேன். உங்க மெயில் எல்லாமே அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்கு மாமா. ஒண்ணுகூட விடாம. கம்ப்யூட்டர்ல காட்டினாங்க.”

அவன் தலையசைத்தான். செய்த வேலை வீணாகவில்லை என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றவும் செய்தது.

“எல்லாத்துக்கும் பதிலும் போட்டிருக்காங்க.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“பதில் வரல,” என்றான் அவன்.

“வந்திருக்கு. நீங்க எங்க வச்சிருக்கீங்கன்னு பாருங்க. உங்க ஆளு பதிலே போடலியே, இவருக்கு ஆர்டர் வேணுமா வேண்டாமான்னு அந்தம்மா என்னைக் கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல? பல் வலின்னா?”

அவன் கடையின் மெயிலைத் திறந்தான். மற்றவர்களின் ஸ்பேம் பெட்டிகளை இத்தனை நாள் கவலையோடு நினைத்துக்கொண்டிருந்தவன், தன்னுடையதை ஒரு முறையும் திறந்து பார்த்ததில்லை. திறந்தான்.

ஆஸ்பத்திரியின் சின்னம் மேலிருந்து கீழே வரிசையாக நின்றது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான வாரத்தில், புதுச் சேவைக்கு மாறிய கையோடு, கடை முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. ஆஸ்பத்திரியில் சேரும்போது அவள் கடை முகவரியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். மெயில் அவள் பெயரைச் சொல்லித் தொடங்கியது. “எங்களிடம் சிகிச்சை பெற்றதற்கு நன்றி. உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?” கீழே சிரிக்கும் முகம், நேரான முகம், வாடிய முகம். ஒன்றைத் தொட வேண்டும். அது ஓர் இயந்திரம் அனுப்பியது என்பது அவனுக்குத் தெரியும். அவள் சேர்ந்தது அதற்குத் தெரியும். பிறகு நடந்ததை யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனுக்குக் கோபம் வரவில்லை. மேலே இருந்த பட்டையில் ஸ்பேம் என்ற குறியைத் தொட்டான். மெயில் போயிற்று. நினைவூட்டல் ஒன்று வந்தது, அதையும் தொட்டான். மறுபடி வந்தபோது, இந்த ஆஸ்பத்திரியின் பெயரில் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் இப்படியே செய்யவா என்று மெயில் கேட்டது. ஆமாம் என்று தொட்டான். பிறகு மறந்துவிட்டான். அந்த நாட்களில் கை செய்ததெல்லாம் தலைக்கு எட்டவில்லை.

தன் மெயில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும் என்று ராப்பகலாய் மல்லாடியவன், அவர்கள் வந்து நிற்க முடியாதபடி தன் வாசலைத் தானே அடைத்து வைத்திருந்தான்.

வாலு எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். சிரிக்கும் முகமும் நேரான முகமும் வாடிய முகமும் அவள் கண்ணில் பட்டன. திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டாள் போல. “தட்டுறதையும் தட்டிட்டு, காதைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கீங்க மாமா,” என்றாள். அதில் சூடு இல்லை.

தடையை நீக்கினான். ஒன்றை மட்டும் எடுத்து வைக்க அது விடவில்லை. ஆஸ்பத்திரியின் எல்லா மெயிலும் ஒன்றாக இன்பாக்ஸுக்கு வந்து இறங்கின, விசாரிப்பும் நினைவூட்டல்களும் உட்பட. கொள்முதல் அதிகாரியின் மெயில்களைத் தேடி எடுத்து, வந்த வரிசையில் படித்தான். முதல் மெயில்: மாதிரிச் சட்டை கிடைத்தது, தையல் நன்றாக இருக்கிறது, ஒரு கேள்வி மட்டும். முன்பக்கம் ஏன் பட்டன் வைக்கவில்லை? மற்ற எல்லாரும் வைத்திருக்கிறார்கள், உங்கள் விலை அதனால்தான் கூடுதலாக இருக்கிறது. குழுவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், எழுதுங்கள். அடுத்த மெயில் அதே கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டது. அதற்கு அடுத்தது இன்னும் சுருக்கம். கடைசியாக முந்தைய நாள் வந்திருந்தது. குழு நாளைக் காலை கூடுகிறது, எழுத்தில் பதில் தராதவர்கள் நேரில் வந்து விளக்கலாம், உரிமையாளர் வர வேண்டும், வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம்.

நாளை என்று எழுதிய அந்த நாள், இன்று. காலை போய்விட்டது.

“இல்ல இல்ல,” என்றாள் வாலு. “குழுவுல இருக்க வேண்டிய தலைமை நர்ஸ் காலையில வரல. நாளைக்குத் தள்ளி வச்சிருக்காங்க. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். காரணத்தை இப்பவே எழுதிப் போடுங்க, போதும்.”

பதில் எழுதும் பெட்டியைத் திறந்தான். “மதிப்பிற்குரிய அம்மையீர், முன்பக்கம் பட்டன் வைக்காததற்குக் காரணம்” என்று எழுதினான். அதற்குப் பிறகு ஓடவில்லை. சீருடையைப் பற்றித் தொழில்முறையில் எழுதக்கூடிய வாக்கியங்கள் பல அவனுக்குத் தெரியும். ஒன்றை எழுதினான், அழித்தான். வேறொன்று எழுதி அதையும் அழித்தான். எல்லாமே உண்மைதான். ஆனால் எதுவும் காரணமில்லை.

மெஷின் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் மேசைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, “நாளைக்கு வரலாமா சார்?” என்று கேட்டாள். நாளை வேலை உண்டா என்பதைத்தான் அப்படிக் கேட்டாள்.

“வாங்க,” என்றான்.

மாலையில் அத்தை வந்திருந்தாள். மாமியாராக நடந்துகொள்ள அவளுக்கு வரவே வராது. வந்தால் பாத்திரத்தைத் துலக்கிவிட்டுத்தான் உட்காருவாள். கூடவே உறவுக்காரப் பெண் ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள், துக்கம் கேட்க முன்பே வர முடியாமல் போனவள். அவன் மேலே போனபோது அத்தை அவளிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது மகள் தன் கையைப் பிடித்து, “அவரை நல்லாப் பாத்துக்கோங்கம்மா” என்று சொன்னாளாம். அதுதான் கடைசி வார்த்தையாம். அந்த நேரத்தில் அத்தை மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டியோடு கூட நடந்தது அவன் ஒருவன்தான். ஆனாலும் அவன் அதை மறுத்ததில்லை. அத்தைக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. நினைத்து நினைத்து அதையே கேட்டுவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வார்த்தையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நிஜமாகச் சொன்னது என்ன என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்று உறங்குமுன் அந்தப் பாதி மெயிலை அழித்தான்.

காலையில் எழுந்து போர்வையை மடித்தான். சட்டை தேய்த்தான். கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வாலு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், கூட வருகிறேன் என்று. வேண்டாம் என்றான். ஷட்டரைத் திறந்து வை என்றான். மாஸ்டர் புதிதாகத் தைத்த இன்னொரு மாதிரியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். “மூக்கில்லாட்டியும் மூஞ்சி லட்சணமாத்தான் இருக்கு. போயிட்டு வா,” என்றார்.

பஸ்ஸில் வழக்கமாக இறங்கும் நிறுத்தம் வந்தது. அவன் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி மாறவில்லை. அதே தரை, அதே மருந்து வாசனை, திசை காட்ட அதே வண்ணக் கோடுகள். தியேட்டருக்குப் போவது நீலக் கோடு. கொள்முதல் பிரிவுக்குப் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். பச்சைதான் என்று நினைத்துக்கொண்டான். கோடு சலவைக் கூடத்தைத் தாண்டிப் போனது. வழியில் ஒரு வார்டு உதவியாளன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான். அவன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. அந்த இடத்தை ஊக்கு குத்தி மூடியிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனுடைய சட்டையில் அந்தப் பட்டன் இருந்தது. நூல் வேறு நிறம்.

அறையில் மூன்று பேர். கொள்முதல் அதிகாரி கண்ணாடி போட்ட பெண், வாலு சொன்னதைவிட வயது குறைவு. தலைமை நர்ஸ் ஒருவர். சலவைக் கூடத்துப் பொறுப்பாளர் ஒருவர். மேசைமேல் ஐந்தாறு கடைகளின் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் பட்டன் மின்னியது. அவனுடையது மட்டும் மொழுக்கென்று இருந்தது.

பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்டான். உங்கள் மெயில்கள் என் ஸ்பேமில் விழுந்துவிட்டன, தப்பு என்னுடையதுதான் என்றான். ஏன் விழுந்தன என்பதைச் சொல்லவில்லை. அதிகாரி, தங்கள் மெயில் ஸ்பேமில் விழுவதா என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு சட்டையை எடுத்து விரித்தார்.

“சரி. இதுக்கு வருவோம். பட்டன் ஏன் இல்ல?”

சலவைப் பொறுப்பாளர் முந்திக்கொண்டார். உலோகம் வெந்நீரில் துருப்பிடிக்கும், மற்ற துணியைக் கறையாக்கும் என்றார். அவன் இது துருப்பிடிக்காதது என்று சொல்லி, கொதிநீரில் பல தடவை போட்டெடுத்த, பொத்தான் வைத்த துணித்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இஸ்திரி இயந்திரத்தில் பிளாஸ்டிக் பட்டன்கள் உடைந்து போவதாக அவரே சொன்னார்.

“அதுதான் காரணமா?” என்றார் அதிகாரி.

“அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு.” அவன் சட்டையில் இரண்டாவது பட்டன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தான். “நோயாளியைத் தூக்கக் குனியறப்ப, கட்டிலோட பக்கக் கம்பி இந்த இடத்துல உரசும். தினமும் உரசினா நூல் அறுந்துடும். மத்த பட்டன் எல்லாம் நிக்கும். ரெண்டாவதுதான் போகும்.”

தலைமை நர்ஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். தையல் அறையில் பட்டன் தைக்கக் கொடுக்காத நாளில்லை, எப்போதும் அந்த ஒரு பட்டன்தான், ஏனென்று இதுவரை யோசித்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பட்டன் விழுந்து நோயாளியின் படுக்கையில் கிடந்து ஒரு தடவை பெரிய கலாட்டா ஆனதையும் சொன்னார். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். ஆர்டர் அவர்களுக்குத்தான் என்று அந்த வாரமே மெயில் வந்தது, நேராக இன்பாக்ஸுக்கு. கடையில் அதை வாலு சத்தமாகப் படித்தாள். மாஸ்டர் தொழிற்சாலைக்குப் போன் செய்து வரவில்லை என்றார். ஆனால் அது பிறகு. இப்போது நர்ஸ் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஆளுங்ககிட்டக் கேட்டீங்களா?”

“இல்லங்க.”

“பின்ன யாரு சொன்னது? இங்க வேலை செய்யாதவங்களுக்கு இது தெரியாதே.”

தொழில்முறை வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அவன் எதையும் எடுக்கவில்லை.

“என் மனைவி சொன்னா.”

“இங்க நர்ஸா இருந்தாங்களா?”

“இல்ல. இங்க ஆபரேஷனுக்கு வந்தா. சீருடை தைக்கிறவ. யாரைப் பாத்தாலும் முகத்தைப் பாக்க மாட்டா, சட்டையத்தான் பாப்பா.” அவன் சட்டையை மடிக்கத் தொடங்கினான். கை பழக்கமில்லாமல் மடித்தது. “அவளை வண்டிக்குத் தூக்கினவரோட சட்டை கட்டில் கம்பியில உரசுறதை நான் பாத்தேன். அவரேதான் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனார். தள்ளினவர் தலைமாட்டுல இருந்தார். அவ படுத்துக்கிட்டே மேல பாத்துட்டு வந்தா. நான் பக்கத்துல நடந்தேன். கதவு வரைக்கும் ஒண்ணும் பேசல. கதவுக்கிட்ட என்னைக் கூப்பிட்டா. அதுக்கப்புறம் அவ பேசல. வெளிய வரவே இல்ல.”

சலவைப் பொறுப்பாளர் மேசையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார். நீல வண்ணக் கோடு அந்த அறைக்கு வெளியே எங்கோ போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் குரலைத் தாழ்த்தி, என்ன சொன்னாங்க என்று கேட்டார். கேட்டுவிட்டு, சொல்ல வேண்டாம் என்பது போலக் கையையும் அசைத்தார்.

அவன் சொன்னான். அவள் சொன்னபடியே, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன அதே வேகத்தில்.

“அந்தத் தம்பி சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குது பாரு. குனிஞ்சான்னா நேரா என் வாயிலதான் விழும்.”